மரப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள்: வீட்டிலேயே ஒரு கான்கிரீட் தொட்டி

[காட்சி: முற்றத்தில் இரண்டு மரப்பெட்டிகள், ஒன்றினுள் ஒன்று]

வணக்கம். இந்த உள்பெட்டியின் எடை சில கிலோதான். ஆனால் இதைச் சுற்றிலும் அடியிலும் ஈரக் கலவையை நிரப்பினால், ஓர் ஆளைத் தூக்கும் அளவு விசையுடன் இது மேலே எழும்பும். கறிவேப்பிலைக் கன்றுக்கு ஒரு தொட்டியை வார்த்துக்கொண்டே, அதைத் தடுக்கும் வழியைப் பார்ப்போம்.

பின்னணி ஒரு வரி: 1960இல் அலிக்ஸ், கரோல் என்னும் புயல்கள் மரவீடுகளையும் தகரவீடுகளையும் பிய்த்தெறிந்த பிறகு மொரீஷியஸ் கான்கிரீட்டுக்கு மாறியது, கொஃப்ராஜ், அதாவது கான்கிரீட் வார்க்கும் அச்சுக்குப் பலகை அடிப்பது, நமக்குப் பழகிய வேலையானது.

[காட்சி: அளவுகள் எழுதிய வரைபடம்]

வெளிப்பெட்டியின் உள்ளளவு நீளம், அகலம், உயரம் மூன்றும் 40 சென்டிமீட்டர். சுவரின் கனம் 5, அடித்தளத்தின் கனம் 6. அப்படியானால் உள்பெட்டி அடைக்கும் இடம் சுமார் 30 லிட்டர். ஒரு கனமீட்டர் ஈரக் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ என்பதால், விலக்கப்பட்ட அந்த 30 லிட்டர் கலவையின் எடை 70 கிலோவைத் தாண்டும்; அதுவே பெட்டியைத் தூக்கும் விசை. குளத்தில் அமுக்கிய வெற்றுக்குடம் கையை மீறி எழும்புவதைப் போல, கலவையைத் தட்டித் தளர்த்திய கணமே பெட்டியும் எழும்பும். மேலே கல் அடுக்கியும் குறுக்குச்சட்டம் அடித்தும் பலர் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

என் வழி எளியது. தொட்டியைத் தலைகீழாக வார்க்க வேண்டும். உள்பெட்டியின் திறந்த வாயை அடிப்பலகையில் கவிழ்த்து, பலகையின் கீழிருந்து திருகாணியால் இறுக்கி, இணைப்பைச் சிலிக்கோனால் அடைத்துவிட்டால், கலவை அடியில் புக வழியில்லை; தூக்கும் விசையே பிறப்பதில்லை. மேலிருந்து விழும் கலவை பெட்டியைக் கீழ்நோக்கியே அழுத்துகிறது. கண்ணில் படும் தொட்டியின் விளிம்பும் பலகையில் படிந்து வழவழப்பாக வரும். இதைவிட அழகான தந்திரம் மரவேலையில் எனக்குத் தெரியாது.

பக்கவாட்டு அழுத்தம் மட்டும் மிஞ்சுகிறது. வெளிப்பெட்டியின் ஒரு பலகையை மட்டும் கலவை 75 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் வெளியே தள்ளும். அது அடியில்தான் மிகுதி என்பதால், சுற்றுச்சட்டங்களைக் கீழ்ப்பகுதியில் நெருக்கி அடியுங்கள்.

[காட்சி: உள்பெட்டியின் உட்புறம்]

அச்சு செய்யும்போதே அதைக் கழற்றுவதை நினைக்க வேண்டும். உள்பெட்டி வாய்ப்பக்கம் 30, மறுமுனையில் 29 சென்டிமீட்டர் என்று லேசாகக் குறுகட்டும். அதன் திருகாணிகள் எல்லாம் உள்ளிருந்தே முடுக்கப்பட்டிருந்தால், தொட்டியை நிமிர்த்தி அடிப்பலகையை எடுத்தபின் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஆணி அடித்தால் நெம்ப வேண்டிவரும். நெம்பினால் விளிம்பு உடையும். நீர் வடிவதற்கு, உள்பெட்டியின் தலையில் 6 சென்டிமீட்டர் நீளமுள்ள பிவிசி குழாய்த்துண்டு ஒன்றை நிறுத்துங்கள்.

இனி, கரும்புத் தீவில் வாழும் நாம் அறிய வேண்டிய ஒன்று. சர்க்கரை சிமெண்டின் பகை. 50 கிலோ மூட்டைக்கு 50 கிராம் சர்க்கரை கலந்தாலே கலவை இறுகுவது பல மணி நேரம் தள்ளிப்போகும். பச்சை மரத்திலும் சர்க்கரைகள் உண்டு. அவை கசிந்தால் கான்கிரீட்டின் மேற்பரப்பு மாவாக உதிரும். மேலும், வெறும் மரம் நீரை உறிஞ்சி உப்பி உள்ளேயே இறுகிக்கொள்ளும். ஆகவே 18 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு இரண்டு முறை வார்னிஷ் அடித்து, காய்ந்தபின் சமையல் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள்.

கடற்கழி மணல் எடுப்பது 2001இல் தடை செய்யப்பட்ட பிறகு, நம் கலவைக்குரியது பசால்ட் என்னும் எரிமலைப் பாறையை நொறுக்கிய மணல். கூர்முனை கொண்ட அதன் மணிகள் மூலைகளுக்குள் எளிதில் இறங்கா. அதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் வலிமை குறையும். 10 மில்லிமீட்டர் ஜல்லி சேர்த்து, சிறிது சிறிதாக நிரப்பி, பெட்டியின் பக்கங்களை ரப்பர் சுத்தியலால் பொறுமையாகத் தட்டுங்கள்.

வெளிப்பலகைகளை மறுநாள் கழற்றலாம். மேட்டுநில நகரான கியூர்பிப்பின் ஜூலைக் குளிரில் இரண்டு நாள் பொறுங்கள். தொட்டி 80 கிலோ இருக்கும் என்பதால், மேலும் சில நாள் இறுகவிட்டு இருவராக நிமிர்த்துங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்கு மூடியிருக்கட்டும். போர்ட் லூயிஸ் வெயிலில் அதை அடிக்கடி நனைக்க வேண்டும். கன்று நடுமுன் தொட்டியில் பலமுறை நீர் நிரப்பிக் கொட்டினால் சுண்ணாம்புக் காரம் குறையும்.

உங்கள் வீட்டுக்கு எதை வார்க்க விரும்புகிறீர்கள் என்பதை அளவுகளுடன் எழுதுங்கள். அடுத்த அச்சை அவற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.