ஒன்றையொன்று காணாத இரண்டு கடற்படைகள்

சபையோருக்கு என் வணக்கம்.

கடற்போர் என்றதும் இரண்டு அணிகள் எதிரெதிரே நின்று பீரங்கி முழங்குவதுதான் நம் மனக்கண்ணில் வரும். இன்று நான் பேச வந்த போரில் அப்படி ஒரு கணம்கூட இல்லை. 1942 ஏப்ரலில் இலங்கையைச் சுற்றியுள்ள கடலில் ஜப்பானின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களும் பிரிட்டனின் கிழக்குக் கடற்படையும் ஒன்றையொன்று தேடின. ஒரு கட்டத்தில் இருநூறு மைலுக்குள் நெருங்கியும் வந்தன. கடைசிவரை கப்பல் கப்பலைச் சந்திக்கவில்லை. யார் யாரை முதலில் கண்டார்கள் என்பதே அந்த நாள்களில் உயிரையும் சாவையும் தீர்மானித்தது.

பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 23இல் அந்தமான் போனது. அந்த மாதக் கடைசியில்தான் அட்மிரல் ஜேம்ஸ் சமர்வில் கிழக்குக் கடற்படையின் பொறுப்பை ஏற்றார். அவரிடமிருந்த ஐந்து போர்க்கப்பல்களில் நான்கு மிகப் பழையவை, வேகம் குறைந்தவை. எதிரே வருவது பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் அணி. பகலில் அதற்கு ஈடுகொடுக்க முடியாது என்று சமர்வில் கணக்கிட்டார். பகலில் விலகி நிற்பது, இரவில் ரேடார் பொருத்திய விமானங்களை அனுப்பி டார்ப்பிடோவால் அடிப்பது என்பதே அவருடைய திட்டம். என் பார்வையில் அது கோழைத்தனமல்ல, நிதானம். ஆனால் அதற்கு எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரிந்தாக வேண்டும்.

ஏப்ரல் 1ஆம் தேதி வாக்கில் தாக்குதல் வரும் என்று உளவுத் தகவல் சொன்னது. மார்ச் 31 முதல் ஏப்ரல் 2 வரை கடற்படை இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தது. யாரும் வரவில்லை. பழைய கப்பல்களில் குடிநீர் குறைந்துகொண்டே போனது. சமர்வில் மாலைதீவின் அட்டுத் தீவில் இருந்த இரகசியத் தளத்துக்குத் திரும்பினார். டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரு குரூசர்களை, அதாவது வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்களை, கொழும்புக்கும், ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கும் அனுப்பிவைத்தார். இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வையுங்கள். தகவலில் நாள் மட்டும்தான் பிசகியிருந்தது. தாக்குதல் பிசகவில்லை.

ஏப்ரல் 4. கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கட்டலினா விமானம் விடிகாலையிலிருந்து கடலைத் துழாவிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் லெனர்ட் பேர்ச்சல் என்ற கனடியர். இலங்கைக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாலையில், கரையிலிருந்து சுமார் 350 மைல் தெற்கே, தொடுவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. திரும்பிப் போயிருக்கலாம். அவர் நெருங்கிப் பார்த்தார். எத்தனை கப்பல், எந்தத் திசை, என்ன வேகம் என்று வானொலியில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் ஆறு பேர் கைதானார்கள். செய்தி அனுப்பினாயா என்று கேட்டு அடித்தார்கள். இல்லை என்றே சாதித்ததாகப் பின்னாளில் அவர் சொன்னார். செய்தியோ அரைகுறையாகக் கொழும்பை எட்டிவிட்டிருந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவற்றை அன்றிரவுக்குள் வெளியேற்றிவிட்டார்கள்.

மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. முதல்நாளே எச்சரிக்கை கிடைத்தும் அன்று காலையில் ரேடார் அவற்றைக் காட்டித்தரவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்தபோது இரத்மலானைப் போர் விமானங்கள் தரையில் நின்றன. குதிரைப் பந்தயத் திடலில் புதிதாகப் போட்ட ஓடுதளம் ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்த விமானங்கள் தப்பின. டெனிடோஸ் நாசகாரிக் கப்பலும் ஹெக்டர் என்ற, பீரங்கி பொருத்திப் போருக்குப் பயன்படுத்திய வணிகக் கப்பலும் மூழ்கின.

அன்று பிற்பகலில்தான் பெரிய இழப்பு. கொழும்பை விட்டு விரைந்து வெளியேறி, சமர்விலோடு சேரத் தென்மேற்கே ஓடிக்கொண்டிருந்த டோர்செட்ஷயரையும் கோர்ன்வாலையும் ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் சூரியன் இருந்த பக்கத்திலிருந்து செங்குத்தாக இறங்கின. சில நிமிடங்களிலேயே இரண்டும் மூழ்கின. முந்தைய ஆண்டு ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல் மீது கடைசி டார்ப்பிடோக்களை வீசிய கப்பல் இந்த டோர்செட்ஷயர்தான். மாண்டவர்கள் 424 பேர். மிஞ்சியவர்கள் எண்ணெய் படர்ந்த நீரில், எரிக்கும் வெயிலில், பிறகு ஓர் இரவு முழுவதும் மிதந்தார்கள். காயப்பட்டவர்களுக்குப் படகுகளை விட்டுக்கொடுத்துவிட்டு மற்றவர்கள் மரத்துண்டுகளைப் பற்றிக்கொண்டார்கள். ஏறக்குறைய முப்பது மணி நேரம் கழித்து, ஏப்ரல் 6 மாலையில்தான் மீட்புக் கப்பல்கள் வந்தன. 1,122 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். யுத்தக் கதைகளில் வீரம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதியை விட, அந்த முப்பது மணி நேரத்தை நான் உயர்வாக மதிக்கிறேன்.

அதே நேரத்தில் வங்காள விரிகுடாவில் ஜப்பானிய அட்மிரல் ஒசாவாவின் தனி அணி வேட்டையாடிக்கொண்டிருந்தது. கல்கத்தாவை விட்டுக் காவலில்லாமல் புறப்பட்ட வணிகக் கப்பல்களே இலக்கு. சில நாள்களில் இருபதுக்கும் மேற்பட்டவை மூழ்கின. அவற்றில் வேலை செய்தவர்களில் இந்தியக் கப்பல் தொழிலாளர்கள் பலர். அட்மிரல்களின் பெயர்களை எழுதிவைத்த சரித்திரம், கொதிகலனுக்குக் கரி தள்ளிய அந்த மனிதர்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. இது எனக்குத் தீராத மனக்குறை. ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள்.

இனி நம் கிழக்குக் கரைக்கு வருவோம். ஏப்ரல் 9 காலை திருகோணமலை. இம்முறை ரேடார் முன்கூட்டியே கண்டது. போர் விமானங்கள் எழும்பி எதிர்த்தன. ஆனாலும் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் அடிவாங்கின, எண்ணெய்க் குதம் தீப்பற்றி எரிந்தது. ஹெர்மிஸ் முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறி, மட்டக்களப்புக்கு அப்பால் கரையோரமாகச் சென்றுகொண்டிருந்தது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. அன்று அதன் மேல்தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் நின்றன.

வேவு விமானம் ஒன்று அதைக் கண்டது. சுமார் எண்பது விமானங்கள் வந்தன. பாதுகாப்பு கேட்டு ஹெர்மிஸ் அழைத்தது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் மூழ்கிப்போயிருந்தது. கப்டன் ஒன்ஸ்லோவோடு 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரியும் போயிற்று. அவ்வழியே வந்த வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் சுமார் அறுநூறு பேரைக் கடலிலிருந்து தூக்கியெடுத்தது. ஹெர்மிஸ் இன்றும் அங்கே, ஐம்பது மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. சுழியோடிகள் இறங்கிப் பார்த்துவருகிறார்கள். அங்கே இறங்குகிறவர்கள் எதையும் பெயர்த்தெடுக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள். அது இடுகாடு.

அதே காலையில் இன்னொன்றும் நடந்தது. கொழும்பிலிருந்து போன ஒன்பது பிளெனம் விமானங்கள், நகுமோவின் தலைமைக் கப்பலான அகாகியின் மேல் யார் கண்ணிலும் படாமல் வந்து குண்டு போட்டன. ஒன்றுகூடப் படவில்லை. போன விமானங்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. ஆனால் தம் தலைக்கு மேல் எதிரி வந்ததை, குண்டு விழும்வரை ஜப்பானியர் அறியவில்லை. அவர்களுடைய விமானந்தாங்கிகளில் ரேடார் கிடையாது. தொலைவில் பார்க்க வேவு விமானங்களை வைத்திருந்தவர்கள், தம் மேலே பார்க்க மனிதக் கண்களை மட்டுமே நம்பியிருந்தார்கள். அந்தக் குறை அன்றே வெளிப்பட்டது. அதைச் சரிசெய்யாமலே பசிபிக்குக்குத் திரும்பினார்கள். ஜூன் 4ஆம் தேதி மிட்வேயில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அதேபோல் காணப்படாமல் மேலே வந்தன. கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய ஐந்தில் அகாகி, சோர்யூ, ஹிர்யூ ஆகிய மூன்றும் அங்கே முடிந்தன.