ஒரு சொல்லுக்குப் பின்னால் வந்த வேலை

நேயர்களுக்கு வணக்கம். இணையத்தில் கூடும் சமூகங்கள் வழியாக வீட்டிலிருந்தபடி வேலை தேடுவது பற்றிச் சொல்கிறேன்.

பதினொரு வருடங்களுக்கு முன்பு ஓர் இரவு. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். திருச்சியில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்து, நின்றபடியே ஒரு கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தேன். பல நாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் கூடும் புரோஸ் டாட் காம் என்ற இணையதளம் அது. 1999 முதல் இயங்குகிறது. புதிய மருந்து ஆய்வில் சேரும் நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் 'ரேண்டம்' என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

நம் ஊர்ப் பாடநூலில் 'சமவாய்ப்பு' என்று படித்திருப்போம். இலங்கையில் 'எழுமாற்று' என்பார்கள். இரண்டுமே சரிதான். ஆனால் அந்தப் படிவத்தைப் படிக்கப் போகிறவர் புள்ளியியல் மாணவர் இல்லை, உடம்பு சரியில்லாமல் வந்திருக்கும் ஒரு மனிதர். அதனால் நான் இப்படி எழுதினேன்: 'எந்த மருந்து உங்களுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது போலத்தான் முடிவு செய்வார்கள், அதை உங்கள் மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை.' கூடவே, படிக்கப் போவது எந்த நாட்டுத் தமிழர் என்றும் கேட்டேன். அதற்கு எனக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. கேட்டவர் என் பதிலைத் தேர்ந்தெடுத்தார், சில புள்ளிகள் கிடைத்தன. அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து வெளிநாட்டு மொழிபெயர்ப்பு ஏஜென்சி ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மருத்துவத் தமிழுக்கு ஆள் தேடியபோது என்னுடைய பழைய பதில்களைப் படித்ததாக எழுதியிருந்தார்கள். 620 சொற்கள் கொண்ட ஒரு படிவம். அதுதான் வீட்டிலிருந்தபடி நான் செய்த முதல் வேலை.

இது அதிர்ஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தத் தளம் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். அங்கே கலைச்சொல் கேள்விகளுக்குப் பதில் சொன்னால், சிறந்த பதிலுக்குப் புள்ளி தருவார்கள். வேலை கொடுப்பவர் 'ஆங்கிலம் – தமிழ்' என்று தேடும்போது புள்ளி அதிகம் உள்ளவர்கள் பட்டியலில் மேலே வர வாய்ப்பு அதிகம். ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற மொழிகளில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் புள்ளி வைத்திருப்பவர்களைத் தாண்டி மேலே வருவது கடினம். தமிழில் போட்டி அந்த அளவுக்கு இல்லை. சில மாதம் விடாமல் நல்ல பதில் எழுதினால் கண்ணில் பட்டுவிடலாம். போட்டி குறைந்த மொழிக்காரர்களான நமக்கு இது பெரிய வசதி.

என்னிடம் அடிக்கடி சிலர் கேட்பார்கள், "அக்கா, வேலை போடுகிற குரூப் ஏதாவது இருந்தால் லிங்க் அனுப்புங்கள்" என்று. அனுப்பினால் அன்றே நாற்பது குரூப்பில் சேர்ந்து, நாற்பதிலும் 'எந்த வேலை என்றாலும் செய்வேன்' என்று போடுவார்கள். வேலை கொடுக்கும் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். நாளைக் காலைக்குள் ஒரு மருத்துவமனைக் கையேடு போயாக வேண்டும். எந்த வேலையும் செய்வேன் என்பவரை நம்பி எதைக் கொடுப்பது? போன வாரம் குரூப்பில் 'செவிலியர்' என்று எழுதுவதா, 'தாதியர்' என்று எழுதுவதா என்று விவாதம் நடந்தபோது, இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 'தாதி'தான் புழங்குகிறது என்று எடுத்துச் சொன்னாரே, அவர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அனுபவமே இல்லை, எப்படித் தொடங்குவது என்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடங்கள் சம்பளம் தராதவை. 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திருத்துங்கள். உங்கள் திருத்தத்தை இன்னொருவர் மாற்றுவார், ஏன் மாற்றினார் என்று உரையாடல் பக்கத்தில் கேட்கலாம். இந்தப் பாடத்தைக் காசு கொடுத்தாலும் எளிதில் கற்க முடியாது. பயர்பாக்ஸ் உலாவியின் பட்டன்களில் வரும் தமிழ்கூடத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதியதுதான். எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்கள் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பேரிடர், நோய்த்தொற்று போன்ற சமயங்களில் மக்களுக்குப் போக வேண்டிய ஆவணங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு மொழிபெயர்க்கிறது. அங்கே செய்த வேலையைப் பிறகு ஏஜென்சியிடம் அனுபவமாகக் காட்டலாம். ஒன்று மட்டும் கவனம். லாபத்துக்கு நடக்கும் நிறுவனம் ஒன்று 'மாதிரிக்கு' என்று மூவாயிரம் சொல் இலவசமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். இருநூறு, முந்நூறு சொல்லில் ஒருவருடைய தமிழ் தெரிந்துவிடும்.

நிரல் எழுதுபவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே வழிதான். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு திறமூல மென்பொருளின் பிழையைச் சரிசெய்து அனுப்பினால், அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிரல் எழுதுபவர்கள் கூடும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் மாதா மாதம் ஆள் தேவைப்படுகிறவர்கள் ஒரே இடத்தில் எழுதுவார்கள், தொலைவிலிருந்து செய்யக்கூடிய வேலைகளும் அதில் இருக்கும். நான் அந்தத் துறை இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

அடுத்து நான் சொல்ல வருவது எனக்கு வலித்த விஷயம். இரண்டாவது வருடம் ஓர் ஏஜென்சிக்கு 9,000 சொல் செய்து கொடுத்தேன். தீபாவளி வாரம், பலகாரம்கூடச் செய்யாமல் உட்கார்ந்து முடித்தேன். கூலிக்கான பில்லை, அதாவது இன்வாய்ஸை, அனுப்பி முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் ஆனது, பணம் வரவே இல்லை. பிறகுதான் சக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கேட்டார், "நீலப் பலகையைப் பார்க்கவில்லையா?" என்று. அதே தளத்தில், ஏஜென்சிகளோடு வேலை செய்தவர்கள் 'இவர்களோடு மறுபடியும் வேலை செய்வேனா' என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் பகுதி அது. எனக்கு வேலை கொடுத்தவர்களுக்கு வரிசையாக ஒன்று, ஒன்று, ஒன்று. ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் அந்தத் தீபாவளி எனக்கு மிஞ்சியிருக்கும். வேலை தேடித் தருவதைவிட, இந்த எச்சரிக்கைக்காகத்தான் நமக்கு ஒரு சமூகம் வேண்டும் என்று அன்று உறைத்தது. இன்று வரை புதிதாக யார் வேலை கொடுத்தாலும், முதலில் நான்கு பேரிடம் கேட்ட பிறகே சரி என்கிறேன்.

நம் ஊரில் நடக்கும் ஏமாற்று வேறு மாதிரி. 'வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்பார்கள். கட்டி, ராத்திரி பகலாக டைப் செய்து அனுப்பினால், பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டுவார்கள். டெலிகிராமில், வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று தொடங்கி முதலில் நூறு, இருநூறு உண்மையாகவே அனுப்புவார்கள், அப்புறம் பெரிய தொகை கட்டச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே ஒரு மோசடியும் உண்டு. கூலியைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். நீங்கள் அனுப்பிய பிறகு காசோலை திரும்பி வரும். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. ஏமாந்துவிட்டீர்களா, வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930, அதற்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

வருமானத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது மாதச் சம்பளம் மாதிரி வராது. ஒரு மாதம் மூச்சு விட நேரமிருக்காது, அடுத்த மாதம் ஒரு மின்னஞ்சல்கூட வராது. சிறு வேலைகளை வாங்கி விற்கும் ஃபைவர் மாதிரி தளத்தில் நூறு ரூபாய்க்கு வேலை செய்தால் இருபது ரூபாயைத் தளமே எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுப் பணத்தை மாற்றும்போது இன்னும் கொஞ்சம் போகும். கணினி மொழிபெயர்த்ததைத் திருத்தும் வேலைதான் இப்போது அதிகம் வருகிறது, அதற்குக் கூலியும் குறைவு. அதனால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள். வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இன்வாய்ஸ் வைத்து, ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர் ஒருவர் இருக்கிறார். போன வருடம் புரோஸ் தளத்தில் எழுதத் தொடங்கினார். முதல் மூன்று மாதம் தினமும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்வார், அதையும் மூன்று அகராதி பார்த்துவிட்டு. சென்ற மாதம் என்னால் எடுக்க முடியாத ஒரு நீரிழிவுக் கையேட்டை அவருக்குத் திருப்பிவிட்டேன். முடித்து அனுப்பிய அன்று இரவே போன் செய்தார். "இன்வாய்ஸில் தொகையை எழுத்தால் எழுத வேண்டுமாம்மா, எண்ணால் மட்டும் போதுமா?" என்று கேட்டார். இரண்டிலும் எழுதிவிடுங்கள் டீச்சர் என்றேன்.

வணக்கம்.