ஐந்து டிகிரி சாய்வு

தர்மபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளை வைத்திருக்கும் அலுமினியக் கலனை, மாடு வளர்க்கும் நீங்கள் கால்நடை மருந்தகத்தில் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்ததும் வெண்புகை வழிகிறதே, அதற்குள் இருப்பது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜன். அந்தக் குளிரிலேயே மின்தடை முற்றிலும் அற்றுப்போகும் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு 1987-இல் கண்டறியப்பட்டபோது, 1911-இல் பாதரசத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்தத் தடையில்லாத் தன்மை, அதாவது மீகடத்துத்திறன், இன்னும் கடுங்குளிரான, விலை மிகுந்த திரவ ஹீலியத்தின் பிடியிலிருந்து விடுபட்டு விரைவில் மின்கம்பிகளுக்கு வந்துவிடும் என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த வில்லைகளில் மிகக் குறைந்த மின்னோட்டமே ஓடியது.

காரணத்தை அறிய, கிருஷ்ணகிரியில் மெருகேற்றிய ஒரு கிரானைட் பலகையை அருகில் வைத்துப் பாருங்கள். வெவ்வேறு நிறப் படிக மணிகள் இடைவெளியின்றி நெருங்கியிருந்தாலும், ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒரு திசை நோக்கியே கிடக்கும். மீகடத்தி வில்லையும் அப்படித்தான். அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை, அவ்வளவே. மணிக்குள் தடையின்றி ஓடும் மின்னோட்டம் இரண்டு மணிகள் சந்திக்கும் எல்லையில் தடுமாறுகிறது. இரு படிகங்களைத் தெரிந்த கோணத்தில் இணைத்து ஐபிஎம் ஆய்வாளர்கள் டிமோஸ், சௌதரி, மன்ஹார்ட் ஆகியோர் 1988-இல் அளந்து காட்டியது இதைத்தான்: சாய்வு ஏறத்தாழ ஐந்து டிகிரியைத் தாண்டினால் எல்லையைக் கடக்கும் மின்னோட்டம் மளமளவெனச் சரிகிறது. மீகடத்தியில் மின்னோட்டத்தைச் சுமப்பவை இணை சேர்ந்த எலெக்ட்ரான்கள்; ஓர் இணை பரவி நிற்கும் தூரமான ஒத்திசைவு நீளம் இப்பொருளில் ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். எல்லையில் அணுக்கள் குலைந்து கிடக்கும் பட்டையும் ஏறக்குறைய அதே அகலம் என்பதால், இணைகள் அதைத் தாண்டத் திணறுகின்றன.

ஆகவே மீகடத்தியைத் திருத்துவதை விட்டு, அது வளரும் தளத்தைத் திருத்தினார்கள். நிக்கல் உலோகக்கலவைத் தகட்டைத் திரும்பத் திரும்ப உருளையில் கொடுத்து மெலிதாக்கிப் பின் சூடேற்றினால், அதன் மணிகள் பெரும்பாலும் ஒரே முகமாக அமைந்துவிடும். அதன்மேல் மெல்லிய ஆக்சைடு அடுக்குகளைப் படியவைத்து, கடைசியில் மீகடத்தியை வளர்த்தால், கீழுள்ள ஒழுங்கை அது அப்படியே வாங்கிக்கொள்ளும். கம்பி என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, கிடைப்பது பழைய கேசட் நாடாவைப் போன்ற ஒரு பட்டைதான். நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தப் பட்டை திரவ நைட்ரஜனில் நூறு ஆம்பியருக்கு மேல் தாங்கும். அதில் மீகடத்தியின் தடிமனோ ஒன்றிரண்டு மைக்ரான் மட்டுமே. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்தில் ஓரிடத்தில் ஒழுங்கு குலைந்தாலும் முழுப் பட்டையின் தாங்குதிறன் அந்த இடத்தின் அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், பட்டையை நீளவாக்கில் நகர்த்தி அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிறார்கள்.