அய்யனாருக்குக் கூரை வேண்டுமா?

(எங்கள் குலதெய்வமான அய்யனார் கோயிலில் புரவி எடுப்புக்கு, அதாவது மண்குதிரை சுமந்துவந்து வைக்கிற திருவிழாவுக்கு, முந்தின நாள் இரவு, பங்காளிகள் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

பங்காளிகளே, மாமன் மச்சான்மார்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அப்பத்தாக்களே, எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, ரேடியோசெட் தம்பி சரிபண்ணுவார், நான் ஆரம்பித்துவிடுகிறேன்.

நாளைக் காலையில் குதிரை கிளம்பிவிடும், அதற்கப்புறம் யாரும் யார் பேச்சையும் கேட்கப்போவதில்லை. அதனால் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குக் கான்கிரீட் மண்டபம், சுற்றிலும் டைல்ஸ், தெற்குப் பக்கம் கார் நிறுத்த இடம் என்று வரைபடம் போட்டு, தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு வரி என்றும் பேசிவைத்திருக்கிறார்கள். சாமிக்கு நன்றிக்கடனாகச் செய்கிறோம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. அந்த நன்றியில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிங்கப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பணம் அனுப்புகிற பிள்ளைகள் பக்தியில்லாமலா அனுப்புகிறார்கள்? ஆனால் அந்த நன்றியைச் செலுத்துவதற்காகத் நம் கோயில்காட்டில் தெற்குப் பக்கத்து மரங்களை எடுக்க வேண்டும் என்கிறபோதுதான் எனக்கு இடிக்கிறது.

அந்த மரங்கள் என்ன மரங்கள் என்று கமிட்டியில் யாரும் கேட்கவில்லை. நான் தாவரவியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன், அதனால் சொல்கிறேன். வீரை, உலக்கைப்பாலை, காசா, குருந்து, காரை. இவை நர்சரியில் பாக்கெட்டில் வைத்து விற்கிற சாதி இல்லை. மழை குறைவான நம் கிழக்குக் கரைச் சமவெளியில், வருஷம் பூராவும் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கிற ஒரு காடு ஒரு காலத்தில் பரந்து கிடந்தது. உலர் பசுமைமாறாக் காடு என்று பாடப்புத்தகத்தில் பெயர். மரங்கள் ரொம்ப உயரம் போகாது, மெதுவாகத்தான் வளரும், கட்டை இரும்பு மாதிரி இருக்கும், உலக்கைப்பாலையில் உலக்கை செய்தது அதனால்தான். வயலுக்கும் விறகுக்கும் வீட்டுமனைக்கும் அந்தக் காடு போய்விட்டது. இன்றைக்குச் சமவெளியில் அது மிஞ்சியிருக்கிற இடங்களைத் தேடிப்போனால் பெரும்பாலும் ஒரு அய்யனார் கோயிலிலோ அம்மன் கோயிலிலோதான் போய் நிற்க வேண்டியிருக்கும். புதுச்சேரி பக்கத்தில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வர அய்யனார் கோயில் காட்டுக்குத் தாவரவியல் ஆராய்ச்சிக்காரர்கள் தேடிப்போவது இதற்காகத்தான்.

இப்போது ஆனி. பாலைப்பழம் பழுத்துக் கிடக்கிறது, மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் உதட்டில் பிசின் ஒட்டிக்கொண்டு திரிந்ததைப் பார்த்தேன். மெயின் ரோட்டில் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் காட்டுக்குள் வந்தால், காலுக்குக் கீழே கணுக்கால் வரைக்கும் சருகு. அந்தச் சருகை விலக்கிப் பாருங்கள். மேலே மொறுமொறுவென்று இருக்கிற இலை, அதற்குக் கீழே பாதி மக்கினது, அதற்கும் கீழே கறுப்பாக, கையில் பிடித்தால் ஈரம் தெரிகிற மண். சித்திரை வெயிலிலும் அந்த ஈரம் அப்படியே இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே மரநாய் எச்சம் கிடக்கும், அதில் ஈச்சங்கொட்டை, பாலைக்கொட்டை என்று என்னென்னவோ இருக்கும். அதிலிருந்து ரெண்டு இலை விட்டு முளைத்து நிற்கிற கன்றுகளை எண்ணி மாளாது. இந்தக் காட்டுக்கு யாரும் கன்று நட்டதில்லை. சின்னான் குருவியும் மரநாயும் வௌவாலும் நட்டது, சருகு மூடிக் காப்பாற்றியது. அந்தச் சருகைத்தான் திருவிழாவுக்குச் சுத்தம் பண்ணுகிறோம் என்று வருஷாவருஷம் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறோம். ஒரு பக்கம் அடுத்த தலைமுறை மரத்தைக் கொளுத்திவிட்டு இன்னொரு பக்கம் எம்.எல்.ஏ. கையால் மரக்கன்று நட்டுப் படம் எடுக்கிறோம்.

சரி, அய்யனாரை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்? ஊருக்குள் இடமில்லாமலா? கண்மாய்க் கரையில், கலுங்குக்குப் பக்கத்தில், வரத்துக்கால் இறங்குகிற இடத்தில் பார்த்து வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்தில் மடைக்கருப்பு இல்லாத மடை உண்டா? தண்ணீரைக் காவல் காக்கிற சாமிக்குத் தண்ணீர் பிறக்கிற இடத்தில் வீடு. மேட்டிலிருந்து அடித்துக்கொண்டு வருகிற மழைத்தண்ணீர் காட்டுக்குள் நுழைந்தால் வேகம் குறைந்து, மண்ணை இறக்கிவிட்டு, பாதி கீழே இறங்கி, மீதிதான் கண்மாய்க்குப் போகும். நீங்கள் தெற்குப் பக்கத்தில் டைல்ஸ் ஒட்டினால் அந்தத் தண்ணீர் வண்டலோடு நேரே கண்மாயில் போய் விழும். அப்புறம் கண்மாய் மேடாகிவிட்டது, தூர்வார வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதுவோம்.

சிலர் சொல்வார்கள், இந்தக் காடு பக்தியால் ஒன்றும் பிழைக்கவில்லை, பயத்தால்தான் பிழைத்தது, குச்சி ஒடித்தால் கண் போகும், விறகு எடுத்தால் வீடு எரியும் என்று சொல்லிவைத்ததால் பிழைத்தது என்று. உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். என் அப்பத்தா இந்தக் காட்டில் பல் குத்தக்கூட ஒரு குச்சி எடுக்க மாட்டார். ஆனால் அந்தப் பயம் இப்போது யாரிடம் இருக்கிறது? எத்தனையோ ஊரில் கும்பாபிஷேகத்துக்கென்று ஜேசிபி வைத்துக் கோயில்காட்டைத் தள்ளினார்கள், ஓட்டினவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கான்ட்ராக்டருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயம் ஒரு தடவை பொய்த்துவிட்டால் போச்சு, திரும்பி வராது. இனிமேல் இந்தக் காடு நிற்க வேண்டுமென்றால் நாம் இதற்குக் கடன்பட்டவர்கள் என்கிற நினைப்பு ஒன்றுதான் மிச்சம். அந்த நினைப்பு பயத்தைவிடக் கஷ்டமானது. பயந்தவனுக்கு எடுக்காமல் இருப்பது சுலபம். எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் கை வைக்காமல் இருப்பதற்குத்தான் நன்றி வேண்டும். கொடுப்பது எல்லாருக்கும் வருகிறது, கிடா கொடுக்கிறோம், மணி கொடுக்கிறோம், குத்துவிளக்கு கொடுத்துப் பேரும் பொறிக்கிறோம். எடுக்காமல் விடுவதில் யார் பேரையும் பொறிக்க முடியாது, அதுதான் சிக்கல்.

பயமே இல்லாமல் இப்படிச் செய்த ஊர்கள் இருக்கின்றன. வேடந்தாங்கல் எல்லாருக்கும் தெரியும். அங்கே அரசாங்கம் சரணாலயம் ஆக்குவதற்கு வெகுகாலம் முன்னாலேயே ஊர்க்காரர்கள்தான் பறவைகளைக் காத்தார்கள். துரைமார் துப்பாக்கியோடு வந்து சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் இங்கே பறவை சுடக்கூடாது என்று எழுத்தாகவே வாங்கினார்கள். அதில் சாமி குத்தம் என்று ஒன்றுமில்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது, அவ்வளவுதான். சோறு போடுகிறவனை அடிக்க விடக்கூடாது என்கிற நியாயம். அந்தக் கலெக்டர் பிளேஸ் துரை இன்னொரு கதையிலும் வருவார். மதுராந்தகம் ஏரி உடையாமல் நின்றால் தாயார் சன்னதி கட்டித்தருகிறேன் என்று சொல்லி, மழையிலும் கரை நின்றதால் கட்டிக்கொடுத்த துரை அவர்தான், கல்வெட்டு இன்னும் இருக்கிறது. ஏரி காத்த ராமர் வில்லோடு கரையில் நின்றார் என்று கதை. ராமர் நின்றாரோ இல்லையோ, ஏரி தப்பியதற்கு ஒருவர் நன்றி சொல்ல நினைத்தார் என்பது கல்லில் இருக்கிறது.

நம்ம சிவகங்கைச் சீமையிலேயே கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம், 1977இல் அறிவித்தது. தீபாவளி சமயத்தில்தான் அங்கே நாரைகள் வந்து கூடு கட்டுகிற காலம். சத்தம் கேட்டுப் பறவை கலைந்துவிடும் என்று அந்த ஊரில் பல காலமாக வெடி வெடிப்பதில்லை. பெரியவர்கள் வெடிக்காமல் இருப்பது பெரிய விஷயமில்லை ஐயா. பத்து வயசுப் பையன், பக்கத்து ஊரில் சரவெடிச் சத்தம் கேட்கும்போது, இங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறானே, அது எனக்கு எந்த விரதத்துக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. வனத்துறை வீடு வீடாக மிட்டாய் கொடுக்கிறது, அது தனி.

(வாடிய பயிர், முல்லைக்குத் தேர் எல்லாம் சொல்லவில்லையே என்று தமிழாசிரியர் பார்க்கிறார். மேடைக்கு மேடை அதைச் சொல்லிச் சொல்லி நமக்கு உறைக்காமல் போய்விட்டது ஐயா, அதனால்தான் விட்டேன். நம்ம தர்காக்காரர் வந்திருக்கிறார், அவர் சொன்னதை வேண்டுமானால் சொல்கிறேன். ஓடுகிற ஆற்றங்கரையில் ஒளு, அதாவது தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவுவது, செய்தாலும் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறதாம். ஆறு நிறைய இருக்கும்போதும் அளந்து எடு என்பது.)

நாளைக்குக் குதிரை எடுக்கிறோமே, அதையே பாருங்கள். ஊர் கூடிப் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுத்தால்தான் குதிரை செய்கிற குயவரான வேளார் வேலையைத் தொடங்குவார். அந்த மண்ணோடு கண்மாய் மண்ணைச் சேர்த்துப் பிசைந்து, வைக்கோல் போட்டுச் சூளை வைத்து, வேட்டி கட்டிக் கண் திறந்து, தோளில் சுமந்து கொண்டுவந்து காட்டில் இறக்குவோம். இறக்கினதோடு சரி, அதற்கப்புறம் யாரும் தொடுவதில்லை. மழையில் காது விழும், கால் விழும், கொஞ்ச வருஷத்தில் வேர் பிடித்து, மண்ணோடு மண்ணாகப் போகும். பழைய குதிரை ஒன்றின் வயிற்றுக்குள்ளேயிருந்து குருந்து முளைத்து நிற்கிறதை வடக்குப் பக்கம் போனால் பார்க்கலாம். கண்மாயிலிருந்து வாங்கின மண்ணைக் காட்டுக்குத் திருப்பிக் கொடுக்கிற இந்த ஏற்பாட்டை எவன் யோசித்தானோ! இப்போது என்னடாவென்றால், ஒவ்வொரு தடவையும் செலவு எதற்கு, சிமெண்டில் செய்து எனாமல் அடித்து நிறுத்திவிடுவோம் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக இது. 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தில் பாரம்பரியத் தலம் என்று ஒரு இடத்தை மாநில அரசு அறிவிக்க வழி இருக்கிறது. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை 2022இல் அப்படி அறிவித்தார்கள், தமிழ்நாட்டில் அதுதான் முதல். அப்புறம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கென்று மத்திய அரசு ஏலம் விட்ட வட்டாரத்துக்குள் அதுவும் வர, சுற்றுவட்டாரமே திரண்டு மதுரை வரைக்கும் போய் நின்றது. 2025 ஜனவரியில் ஏலத்தையே ரத்து செய்தார்கள். அந்த மலையில் சமணர் படுக்கை இருக்கிறது, பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை இருக்கிறது, வல்லூறு கூடு கட்டுகிறது, இதில் எதற்காகப் போராடினீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டாவது, நத்தம் பக்கம் காசம்பட்டி வீர கோவில் காடு, 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். எவ்வளவு பெரிய காடு? 4.97 ஹெக்டேர். பன்னிரண்டு ஏக்கர்தான்! நம்முடையதும் சின்னதுதானே என்று யாரும் கையை விரிக்க வேண்டாம்.

கமிட்டிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெண்கள் ராத்திரி தங்குவதற்கு இடமில்லை, கழிப்பறை இல்லை, மூட்டுவலிக்காரர்கள் உட்கார ஒரு திண்ணை இல்லை. இதெல்லாம் ஆடம்பரம் இல்லை, எப்போதோ செய்திருக்க வேண்டும். செய்யுங்கள், ரோட்டோரம் பொட்டலாகக் கிடக்கிற பட்டா நிலத்தை வாங்கிச் செய்யுங்கள், என் தலைக்கட்டு வரியை முதல் ஆளாகக் கொடுக்கிறேன். காரும் அங்கேயே நிற்கட்டும், அங்கிருந்து கோயிலுக்கு அஞ்சு நிமிஷ நடை, சாமியிடம் வருகிறவன் அஞ்சு நிமிஷம் செருப்பில்லாமல் நடந்தால் தேய்ந்துவிட மாட்டான். நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ விடலாம்.

காட்டுக்குச் செலவு செய்யத்தான் வேண்டுமென்றால் மேற்கே புகுந்திருக்கிற சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள். பழம் நம் காட்டு மரத்திலேயே இருக்கிறது, பொறுக்கி அந்த இடத்தில் உடனே ஊன்றலாம். உடனே என்றால் உடனே, நாவல் கொட்டையை எல்லாம் நாள்கணக்கில் காயப்போட்டால் முளைக்காது. ஆடு நுழையாமல் ரெண்டு மூணு வருஷம் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். சென்னையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையக்காரர்கள் சில ஊர்களில் ஊர்மக்களோடு சேர்ந்து கோயில்காட்டை மீட்டிருக்கிறார்கள், அவர்களைக் கேட்கலாம். சருகைக் கொளுத்த வேண்டாம், நடைபாதையை மட்டும் பெருக்கினால் போதும். விருந்துக்குத் தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் கப்பும் வேண்டாம் என்று நோட்டீஸில் ஒரு வரி போடுங்கள், வாழையிலை நம்ம ஊரில் விளையாததா.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. தலைவர் வரவு செலவு வாசிக்க வேண்டும், நான் உட்காருகிறேன்.

(கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பங்காளி எழுந்து, "எல்லாம் சரிதாண்ணே, கிடா வெட்டு அன்னைக்கு மழை புடிச்சுக்கிட்டா ஆயிரம் பேருக்குச் சோறு எங்க வச்சுப் போடுறது?" என்று கேட்டார். பொட்டலில் வாடகைப் பந்தல் போடலாம், வருஷத்தில் ஒருநாள் கூத்துக்குத் தகரப் பந்தல் போதும் என்றேன். பந்தல் வாடகை என்ன ஆகும் என்று அங்கேயே ரெண்டு பேர் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். மண்டபத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.)