பார்க்க வேண்டிய படங்களும் பழைய பெட்டிகளும்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, சால்வை போர்த்திய நூலகர் அம்மா அவர்களே, மைக்கை இரண்டு முறை சரிசெய்து தந்த தம்பி, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் விட்டுப்போன பெரியவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இளைஞர்கள் பார்க்க வேண்டிய படங்களைச் சொல்லச் சொன்னார்கள். சிரிப்பு, மர்மம், குடும்பம் என்று மூன்றாகப் பிரித்து வந்திருக்கிறேன்.

சிரிப்புக்கு ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’, 1964. நாகேஷ் பேய்க்கதை சொல்லும்போது பாலையாவின் முகத்தையே பாருங்கள். அது போதும்.

மர்மத்துக்கு 1954இல் வந்த ‘அந்த நாள்’. ஏவி.எம். தயாரிப்பு, இயக்கம் வீணை எஸ். பாலசந்தர். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார், அப்புறம் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் பார்த்தேன். பக்கத்து ஊர்க் கொட்டகைக்கும் எங்களுக்கும் ஒரே பிரதி. அங்கே ஓடி முடிந்த சுருளைப் பையன் சைக்கிளில் கொண்டுவருவான். அன்று நல்ல மழை, போதாததற்கு வழியில் பஞ்சர். இரண்டு பெட்டிகள் சேர்ந்தாற்போல் வந்தன. அவசரத்தில் ஆபரேட்டர் பின்னதை முன்னால் ஓட்டிவிட்டார். ஒருத்தர்கூடச் சத்தம் போடவில்லை! ஏற்கெனவே கதை முன்னும் பின்னும் போகிற படம்தானே. என் பெரியப்பா மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, “இப்படிக் குழப்பி எடுக்கத் தனி மூளை வேணும்டா” என்றார். பல வருஷம் கழித்து அதே படம் டிவியில் வரிசையாக ஓடியது. முழுசாகப் பார்த்துவிட்டு, “டிவிக்காரன் படத்தைக் கெடுத்துட்டான்” என்றார்.

கொலைகாரர் யாரென்று சொல்ல மாட்டேன்.

அந்தக் கொட்டகையை மூடியபோது, கேட்பாரற்றுக் கிடந்த படப்பெட்டிகளெல்லாம் எடைக்குப் போயின. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1931. இன்று அதற்கு ஒரு பிரதிகூட இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964இல்தான். அதற்குள் எத்தனை படங்கள் போயிருக்கும்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சுருள் இருந்தால் முகர்ந்து பாருங்கள். காடி, அதாவது வினிகர் வாடை அடித்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெக்கையும் ஈரமும் அதை இன்னும் விரட்டும். அதனால்தான் நகர்மன்றத் தலைவரிடம் மூன்று வருஷமாக நூலக மாடியில் ஓர் அறை கேட்கிறேன். குளிர்ச்சியாக, ஈரம் ஏறாமல் இருந்தால் போதும். சுருள், பாட்டுப் புத்தகம், சுவரொட்டி எல்லாவற்றையும் அங்கே சேர்க்கலாம். தலைவர் சிரிக்கிறார். போன வருஷமும் சிரித்தார்.

நேரமாகிவிட்டதென்று சீட்டு வந்துவிட்டது. குடும்பப் படத்துக்கு மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, 1979. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்தது. அதைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன், டீ குடிக்கும்போது கேளுங்கள். அந்த நூலக அறை கேட்டுக் கையெழுத்து வாங்கும் நோட்டு வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன்.