காசில் சின்னம், நோட்டில் முகம்

நேயர்களுக்கு வணக்கம். சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ சில்லறை கிடந்தால் எடுத்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து, பத்து, எது இருந்தாலும் சரி. இன்று பேசப்போவது கண்ணைவிட விரலுக்கு நன்றாகப் புரியும்.

ஒரு நாட்டின் பணத்தில் யார் படம் இருக்க வேண்டும்? இந்தப் பேச்சை எடுத்தாலே பெயர்ப்பட்டியல் நீளும். எங்கள் தலைவர், உங்கள் தலைவர், எங்கள் ஊர்க் கோயில், உங்கள் ஊர்க் கோட்டை. அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும். படம் எதன்மேல் விழப்போகிறது, உலோகத்திலா, தாளிலா? காசுக்குப் பொருந்துவது சின்னம். நோட்டுக்குப் பொருந்துவது முகம்.

காசு அடிக்கும் முறையைப் பாருங்கள். வட்டமாக வெட்டிய தகட்டை மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஏறிப் படமாகிறது. அந்தப் படம் காசின் விளிம்பைவிட உயரக்கூடாது. உயர்ந்தால் காசை அடுக்க முடியாது, படமும் சீக்கிரம் தேயும். அந்தச் சொற்ப உயரத்துக்குள் ஒரு மனித முகத்தை அடக்கினால் மேடாக நிற்பவை மூக்கு, புருவம், கன்னம். கைமாறக் கைமாற முதலில் தேய்வதும் அவைதான். கடைசியில் யாரோ ஒருவரின் தலை என்று மட்டும் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பக்கம் கன்னம் மேடாக இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் பெரிய எண் வந்தால், இரண்டு பள்ளத்துக்கும் போதிய உலோகம் போய்ச் சேராது. இரண்டுமே மங்கலாக விழும்.

மதுரைச் சீமைக்கு இது புதிய பாடம் இல்லை. சங்ககாலப் பாண்டியரின் செப்புக் காசுகள் சதுரமானவை. ஒரு பக்கம் யானை அல்லது குதிரை, மறுபக்கம் நாலைந்து கோட்டில் ஒரு மீன். தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் ‘பெருவழுதி’ என்று மன்னன் பெயரே பொறித்த காசு கிடைத்திருக்கிறது. அதிலும் பெயரோடு இருப்பது குதிரை, பின்பக்கம் மீன் குறி. மன்னன் முகம் இல்லை.

முகம் போட்ட காசையே அவர்கள் பார்த்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மிளகுக்கும் முத்துக்கும் விலையாக ரோமானியக் காசுகள் இந்தப் பக்கம் வந்து குவிந்தன. வைகை மணலிலேயே கிடைத்திருக்கின்றன. அவற்றில் பேரரசர்களின் பக்கவாட்டு முகம் உண்டு. அதைப் பார்த்துச் சேரர்கள் ‘மாக்கோதை’ என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசில் முகம் வைத்தார்கள். பாண்டியர் மீனை விடவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து, 13-ஆம் நூற்றாண்டில் ‘சோணாடு கொண்டான்’, ‘எல்லாந்தலையானான்’ என்று விருதுப்பெயர்களைத் தமிழில் பொறித்தபோதும் காசில் நீந்தியது கயல்தான். சோழர் பாண்டிய நாட்டை வென்றதும் என்ன செய்தார்கள்? தங்கள் புலியோடு பாண்டியனின் மீனையும் சேரனின் வில்லையும் ஒரே காசில் அடித்தார்கள். எழுத்துப் படிக்காத உழவனுக்கும் சேதி போய்ச் சேர்ந்தது. பாதி தேய்ந்த செப்புக் காசிலும் மீனை இன்றைக்கும் அடையாளம் காண முடிகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், காசுக்குச் சின்னம்.

சின்னம் என்றால் படம் மட்டும் இல்லை, காசின் வடிவமும் சின்னம்தான். பெரியவர்களுக்கு ஓட்டைக் காலணா நினைவிருக்கும். போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943-ல் நடுவில் துளையிட்டு அடித்தது. இருட்டில் தொட்டாலும் காலணா என்று தெரியும். 1957-ல் நயா பைசா வந்தபோதும் அந்த அறிவு இருந்தது. ஐந்து பைசா சதுரம், பத்து பைசாவுக்கு விளிம்பு வளைவு வளைவாக. பின்னால் வந்த மூன்று பைசா அறுகோணம்.

இப்போது மடியில் உள்ள காசுக்கு வாருங்கள். 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய்க்குக் குறுக்களவு 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். 2011-ல் வந்த இரண்டு ரூபாய்க்கும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். உலோகமும் அதே எஃகு. இரண்டும் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருக்கின்றன. டவுன் பஸ் நெரிசலில் கண்டக்டர் எப்படிப் பிரிப்பார்? பார்வையில்லாதவர் எப்படிப் பிரிப்பார்? முன்பு இரண்டு ரூபாய்க்குப் பதினொரு பக்கம் இருந்தது, அதைக் கைவிட்டது பெரிய இழப்பு. 2019-ல் அறிவித்த 20 ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம் வைத்திருக்கிறார்கள், மகிழ்ச்சி.

பத்து ரூபாய் நாணயத்துக்கு நேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்துக் கடைகளில் “இது செல்லாது” என்று தள்ளிவிட்டார்கள். எண்ணுக்கு மேலே பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்று ஒரு வதந்தி. பதினைந்து கோடு ₹ குறி வருவதற்கு முன்பு அடித்தது, பத்துக் கோடு ₹ குறியோடு வந்தது. இரண்டும் அரசு அடித்த காசுதான். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. பதினான்கு! ஹோமி பாபா, நாடாளுமன்றத்தின் அறுபதாண்டு, கயிறு வாரியம், அம்பேத்கர் என்று ஒவ்வொரு நினைவுக்கும் ஒரு பத்து ரூபாய். நினைவுகூரத் தக்கவர்கள்தான், அதில் ஐயமே இல்லை. ஆனால் புழங்கும் காசின் படம் அடிக்கடி மாறினால், பூக்கடையில் நூறு முழம் விற்கும் அம்மாவுக்கு எந்தப் படத்தை நம்புவது என்று தெரியாமல் போகும்.

பெரியோரைப் போற்ற வேறு காசு இருக்கிறது. நூறு ரூபாய் நினைவு நாணயங்கள் பலவற்றுக்கு 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம் எடை, பாதி வெள்ளி. நம் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் நூற்றாண்டுக்கு அப்படி வெளியிட்டார்கள். முகத்துக்கு இடமும் உண்டு, பெட்டியில் இருப்பதால் தேய்மானமும் இல்லை. 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டு நாணயங்களில் திருவள்ளுவர் வந்தார். புழங்கிய காசிலும் அவரைத் தெரிந்தது என்றால் கொண்டையும் தாடியும்தான் காரணம். அவர் உருவமே ஒரு சின்னமாகிவிட்டது.

சரி, நோட்டு. இங்கே முகம் ஏன் வேண்டும்? மனிதக் கண் முகத்தில் வரும் சிறு மாற்றத்தையும் உடனே பிடிக்கும். கள்ள நோட்டு அடிப்பவனின் கோடு கொஞ்சம் தடித்தாலும் காந்தியின் சிரிப்பு மாறிவிடும். கோபுரத்தில் ஒரு சுதைச் சிற்பம் குறைந்தால் யார் கவனிப்பார்? நூறு ரூபாயிலும் அதற்கு மேற்பட்ட நோட்டிலும் முகத்தின்மேல் நகத்தால் வருடினால் மை மேடாகத் தட்டுப்படும். வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீரோட்டத்தில் அதே முகம். இரண்டையும் ஒப்பிடுங்கள்.

1969 நூற்றாண்டு நோட்டுகளிலும், 1987-ன் ஐந்நூறு ரூபாயிலும், 1996 முதல் வந்த வரிசை முழுவதிலும் காந்தி இருக்கிறார். நோட்டில் சட்டையில்லாத தோளோடு நாம் பார்க்கும் அந்தக் கோலத்தை அவர் ஏற்றது 1921 செப்டம்பர் 22 அன்று, நம் மதுரை மேலமாசி வீதியில். எளிய உழவனின் உடையில் ஒருவர் நாட்டின் பணத்தில் இருப்பது எனக்குப் பெருமை. அவர் அங்கேயே இருக்கட்டும்.

நோட்டின் நீளத்தை மட்டும் மாற்ற வேண்டும். பழைய நூறுக்கும் ஐந்நூறுக்கும் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம். இப்போது நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. நான்கு மில்லிமீட்டரை எந்த விரல் அளக்கும்? ஓரத்தில் நூறுக்கு முக்கோணமும் நான்கு கோடும், ஐந்நூறுக்கு வட்டமும் ஐந்து கோடும் மேடாக அச்சிடுகிறார்கள். ஈரக்கை பட்டுப் பட்டு அது தட்டையாகிவிடுகிறது.

நேரம் நெருங்குகிறது, இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருப்பவர் படம் கூடவே கூடாது. அமெரிக்காவில் ஸ்பென்சர் கிளார்க் என்ற அதிகாரி ஐந்து சென்ட் நோட்டில் தன் படத்தையே அச்சிட்டுக்கொண்டார், 1866-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அடுத்து, எழுத்து. மொரிஷியஸ் 1998-ல் நோட்டில் தமிழைக் கீழே இறக்கியது. அங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்றுத் தமிழைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி அச்சிட்டார்கள். நம் நோட்டில் பின்பக்கம் பதினைந்து மொழிகள் ஒரு சிறு பட்டியில் இருக்கின்றன, அதில் தமிழும் ஒன்று. எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். நோட்டின் வடிவத்தை ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைக்க, மத்திய அரசு ஒப்புகிறது. நாணயம் முழுக்க அரசின் பொறுப்பு. வணக்கம்.