விரிப்பில் தேடப்படும் கறை

[காட்சி: செட்டிநாட்டு வீடொன்றின் வளவு. ஆத்தங்குடிக் கல்லின்மேல் காலை வெயில்.]

காரைக்குடிக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் நான் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். துவைக்கப் போடுவதாகச் சொல்லி மணமக்களின் அறையிலிருந்து விரிப்பை எடுத்து வந்த ஆச்சி ஒருவர், அதைக் கிணற்றடிக்குக் கொண்டு போகாமல், வளவின் வெளிச்சத்தில் விரித்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். யாரும் எதுவும் பேசவில்லை. தூணோரம் நின்ற புதுப்பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவர் தேடியது இரத்தக் கறை. முதல் உறவில் கன்னிச்சவ்வு கிழியும், கிழிந்தால் இரத்தம் வரும், வராவிட்டால் அந்தப் பெண் முன்பே ‘கெட்டுப்போனவள்’ என்று நம் வீடுகளில் தலைமுறைகளாக நம்பி வருகிறார்கள். பெண்ணின் உடல் அப்படி அமைந்ததன்று.

[காட்சி: பெண்ணுறுப்பின் வரைபடம்.]

கருவில் பெண்ணுறுப்பு உருவாகும்போது எஞ்சி நிற்கும் மெல்லிய மடிப்புதான் கன்னிச்சவ்வு. அது புழைவாயின் விளிம்பை ஒட்டியே இருக்கிறது. நடுவில் திறப்பு உண்டு. திறப்பு இல்லையென்றால் மாதவிலக்கு எப்படி வெளிவரும்? சிலருக்கு வளையமாகவும் சிலருக்குப் பிறைவடிவிலும் இருக்கும். பிறப்பிலேயே மிகச் சிறிதாகக் கொண்டவர்களும் உண்டு. பூப்பெய்தும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பால் அது தடித்து, நெகிழ்ந்து கொடுக்கும் தன்மையைப் பெறுகிறது. கண்டாங்கிச் சேலையின் கொசுவம் நடக்கையில் விரிந்து, நின்றதும் மடிப்புக்குத் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே முதல் உறவில் பலருக்கு ஒரு சொட்டு இரத்தம்கூட வருவதில்லை. வருகிறவர்களுக்கும், அச்சத்தால் தசைகள் இறுகுவதும் ஈரமின்மையும் அவசரமுமே பெரும்பாலும் காரணமாகின்றன. சிறு கீறல் சில நாட்களில் ஆறிவிடும் என்பதால், சவ்வைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவளா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

‘சைக்கிள் ஓட்டியதால் கிழிந்திருக்கலாம்’ என்று பெண்ணுக்காகப் பரிந்து பேசுவோரும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வழியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்ற மண் இது. அந்தச் சமாதானம் இங்கே எளிதில் எடுபடும். ஆனால் சவ்வு சாட்சி சொல்லும் என்ற நம்பிக்கையை அதுவும் ஏற்றுக்கொண்டே பேசுகிறது.

2018இல் உலக சுகாதார நிறுவனம் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிவித்தது. நம் ஊர் வழக்குகள் மேல்முறையீட்டுக்குச் செல்லும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் புழைக்குள் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்க்கும் இருவிரல் பரிசோதனையைத் தடை செய்ய 2022 ஏப்ரலில் அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்வோர் ஒழுங்கீனக் குற்றவாளிகள் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

[காட்சி: முகப்புத் திண்ணையில் ஒரு தாயும் மகளும்.]

சவ்வை எண்ணிக் குடும்பம் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பதினான்கு, பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாத மகளுக்கு மாதந்தோறும் அடிவயிறு வலித்தால், அது திறப்பே இல்லாத சவ்வாக இருக்கலாம். சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகும் இந்த அரிய குறையை, ‘கன்னித்தன்மை போய்விடும்’ என்ற அச்சத்தில் தள்ளிப்போட்டால் இரத்தம் உள்ளேயே தேங்கி, சிறுநீரும் அடைபடக்கூடும். தயங்காமல் மகளிர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.